இண்டிகா என்ற பெயருடையவர்கள்

கொதித்து அடங்கிய நெத்திலிக் குழம்பின் மேல், சட்டியை இறக்குவதற்குச் சற்று முன், ஒரு கரண்டி பச்சை நல்லெண்ணெயைச் சுற்றி ஊற்றும்போது எழும் மணம் ஒன்று உண்டு. புளியின் ஆவியையும், வெந்து குழைந்த மாங்காயின் புளிப்பையும், மீனின் கடல் வாடையையும் அந்த எண்ணெய் ஒரே போர்வைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளும். செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசையின் கடைசி வீடு வரைக்கும் அந்த மணம் போகும். அம்மா கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள் என்பதை அக்கம்பக்கத்தார் அந்த மணத்தை வைத்தே சொல்வார்கள். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், இரண்டாவது கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன வசந்தா அக்கா கையை அப்படியே நிறுத்திவிட்டுச் சட்டியை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, இந்தச் சட்டியில கீறது எல்லாம் ஒரே பேருதாம்மா."

"இன்னாடி ஒளர்ற? மாங்கா மாங்காதான், புளி புளிதான்."

"புத்தகத்துல கீற பேரு சொல்றேன். மாங்கா, மாஞ்சிஃபெரா இண்டிகா. புளி, டமரிண்டஸ் இண்டிகா. எள்ளு, சீசாமம் இண்டிகம். நெத்திலி, ஸ்டோலிஃபோரஸ் இண்டிகஸ். வால்தான் கொஞ்சம் மாறும். நாலும் இண்டிகாதான்."

"அப்ப உப்பு?" என்றார் நைனா.

"உப்புக்கு உசுரு கீதா நைனா?"

"நல்லவேள, அது ஒண்ணாவது தப்பிச்சுது" என்று அவர் இன்னொரு அகப்பை குழம்பு வாங்கிக்கொண்டார்.

நான் மட்டும் சாப்பிடவில்லை. சட்டிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மரத்தில் தொங்கியது ஒன்று, மரத்தையே உலுக்கி உதிர்த்தது ஒன்று, வயலில் அறுத்துச் செக்கில் ஆட்டியது ஒன்று, கடலில் கூட்டமாக நீந்தியது ஒன்று. ஒன்றை ஒன்று பார்த்தே இராத நான்கும் ஒரே பெயரைச் சுமந்துகொண்டு வந்து எங்கள் வீட்டுச் சட்டியில் சந்தித்துக்கொண்டிருந்தன.

அக்கா அப்போது ஊரிலிருந்த கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள், விலங்கியல் துணைப்பாடம். தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் வேலை பார்த்த ஒருவரின் மகள் கல்லூரிக்குப் போவது எங்கள் வரிசையில் அதுவே முதல் தடவை என்பதால், அவள் கொல்லையில் நடந்துகொண்டே சத்தமாக மனப்பாடம் செய்யும் பெயர்களை ஏதோ மந்திரம்போல எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆண்டு எது என்பதில் எனக்கும் அவளுக்கும் இன்றும் சின்னத் தகராறு உண்டு. அவள் எழுபத்தைந்து என்பாள். நான் எழுபத்தாறு என்பேன். பெரியம்மை கண்டவரைப் பற்றித் தகவல் சொன்னால் பரிசு என்று சுவர்களில் எழுதியிருந்தது வெளுக்கத் தொடங்கியிருந்தது என்பதும், அந்தச் சித்திரையில் பஞ்சாங்கம் ராட்சசனிலிருந்து நளனுக்கு மாறியதும், அதைச் சொல்லி நைனா "ராட்சசன் போயிட்டான், இனிமே சோத்துக்குக் கவல இல்ல, நளன் வந்துட்டான்" என்று சிரித்ததும் எனக்கு நினைவிருக்கின்றன. எனவே எழுபத்தாறுதான்.

இரண்டு பெயர் எதற்கு என்று கேட்டபோது, அக்கா என் வகுப்பையே உதாரணமாகச் சொன்னாள். எங்கள் வகுப்பில் மூன்று மகேஸ்வரிகள் இருந்தார்கள்: கே. மகேஸ்வரி, டி. மகேஸ்வரி, எம். மகேஸ்வரி. டீச்சர் வருகைப் பதிவில் முன்னெழுத்தோடு கூப்பிட்டால் ஒருத்திதான் எழுந்திருப்பாள்; முன்னெழுத்தை விட்டுவிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்பார்கள். செடிக்கும் மீனுக்கும் முதற்பெயர் அந்த முன்னெழுத்து மாதிரி. பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது இன்னும் வியப்பானது. தாவரங்களுக்குப் பெயர் சூட்ட ஒரு சட்டப் புத்தகமும், விலங்குகளுக்கு வேறொரு சட்டப் புத்தகமும் இருக்கின்றன. ஒன்றில் என்ன பெயர் வைக்கிறார்கள் என்று மற்றது பார்ப்பதில்லை. தோட்டத்தில் ஒருவர், கப்பலில் ஒருவர், வேறு வேறு காலத்தில் தனித்தனியாக உட்கார்ந்து, கண்ட இடத்தை நினைத்து ஒரே பெயரை எழுதியிருக்கிறார்கள். அதிலும் புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். வந்து குடியேறிய மரத்துக்கும் நம் பெயரே கிடைத்திருக்கிறது. நெத்திலியில் பல இனங்கள் இருப்பதால், அன்று சட்டியில் கிடந்தது அந்தக் குறிப்பிட்ட இனம்தான் என்று சத்தியம் செய்ய இப்போது என்னால் முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் புளியமரத்தைக் கண்டால் நின்று, "டி. இண்டிகா" என்று கூப்பிட்டுவிட்டு, அது "உள்ளேன்" என்று சொல்வதற்குக் காத்திருப்பேன்.

சித்திரை பிறந்து சில நாட்களில், குப்பத்திலிருந்து மாமா ஒரு தூக்கு நிறைய இறால் கொண்டுவந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, பனை ஓலை வீடுகளும் கட்டுமரங்களுமாக இருந்த ஒரு சிறிய குப்பத்தில் அவர் வீடு. அதற்கு முன்னும் இறால் தின்றிருக்கிறேன்; ஒன்றும் செய்ததில்லை. அன்று தின்று கைகழுவுவதற்குள் உதடு தடித்தது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. மூச்சு சீழ்க்கை அடித்தது. நைனா தூக்கிக்கொண்டு ஓடினார். ஊசி போட்ட டாக்டர், வீக்கம் வடியும் வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இறால் இனிமே கூடாதும்மா. அந்த இனத்துல எதுவும் கூடாது. அடுத்த தடவை மூச்சு நின்னாலும் நின்னுடும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது அக்காவைத்தான்.

"எறாவுக்குப் புத்தகத்துல இன்னா பேரு?"

அக்கா யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "பீனியஸ் இண்டிகஸ்."

சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அய்யோ அம்மா, டாக்டர் அந்த இனம்னு சொன்னது நண்டு, சிங்கி எறா, அதெல்லாம். இண்டிகான்னா இந்தியாவுல கீதுன்னு அர்த்தம். அவ்ளோதான். மாங்காயும் எறாவும் எங்கியாவது சொந்தமா?"

"பேரு சும்மா வராதுடி" என்றாள் அம்மா.

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைப் புரிந்துகொள்ள அவளுடைய குப்பத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஊர்த்தெய்வம் செல்லியம்மன். வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது செல்லி என்று பெயர் வைத்துவிடுவார்கள். கறுப்பு செல்லி, கூடை செல்லி, பல்லு செல்லி, மணப்பாக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மணப்பாக்கத்துச் செல்லி என்று அடைமொழி வைத்துத்தான் கூப்பிட முடியும். ஒரு செல்லிக்கு அம்மை கண்டால், குப்பத்தில் அந்தப் பெயருள்ள எல்லார் வீட்டு வாசலிலும் அன்றே வேப்பிலை செருகிவிடுவார்கள். நோய் பெயரைத் தேடிக்கொண்டு வருகிறது, வழிதவறி அடுத்த செல்லியிடம் போய்விடக்கூடாது என்பது அவர்கள் கணக்கு.

அம்மாவின் தங்கையும் ஒரு செல்லி. பெரியம்மை கண்டு, பாவாடை கட்டும் வயதிலேயே அந்தக் குப்பத்தில் இறந்துபோனவள். அவள் பெயரைத்தான் அம்மா எனக்கு வைத்திருந்தாள். பள்ளியில் பிள்ளைகள் "பாட்டி பேரு" என்று கேலி செய்வார்கள். மாற்றச் சொல்லி நான் அழுதிருக்கிறேன். அம்மா மாற்றவில்லை. ஆனால் நான் ஒவ்வொரு முறை தும்மும்போதும் அவள் திரும்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வழியாகக் கெடுதல் வரும் என்பதை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆகவே அந்தச் சித்திரையில், செங்கல்பட்டுச் சந்தையில் மாம்பழம் குவியத் தொடங்கிய நேரத்தில், எனக்கு மாம்பழம் நின்றது. மாங்காய் நின்றது, புளி நின்றது, நல்லெண்ணெய் நின்றது, நெத்திலி நின்றது. எனக்கென்று தனியாக எலுமிச்சை பிழிந்த குழம்பு, கடலை எண்ணெயில் தாளித்த கூட்டு. தாகத்துக்கு நன்னாரி சர்பத் கேட்டேன், அக்கா வாயைத் திறக்கும் முன் அம்மா, "அதுக்கு இன்னா பேரு?" என்றாள். ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். அதுவும் போயிற்று. உடம்பில் நமைச்சல் என்று பக்கத்து வீட்டு அம்மா குப்பைமேனி அரைத்துக் கொண்டுவந்தாள்; அகாலிஃபா இண்டிகா என்று தெரிந்ததும் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டது. துத்திக்கீரை வேண்டாம், அபுட்டிலான் இண்டிகம். எதை என் தட்டில் போடுவதற்கு முன்னும் பெயர் கேட்பது அம்மாவுக்குப் பழக்கமாகிவிட்டது. நைனா ஒருநாள் பொறுக்காமல், "புள்ள இந்த நாட்ட வுட்டே போனாத்தான் சோறு துண்ணும் போலக்கீதே" என்றார். அம்மா சிரிக்கவில்லை. இரவில் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவளால் எப்படிச் சிரிக்க முடியும்?

விசித்திரம் என்னவென்றால், எனக்குக் கோபம் வரவில்லை. மாம்பழம் கிடைக்காத துக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு மலைப்பு இருந்தது. அக்கா புத்தகத்தைப் புரட்டப் புரட்ட அந்தப் பெயருடையவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேலியோரக் கொடி, குப்பைமேட்டுப் பூண்டு, சேற்றில் ஒட்டிப் படுத்திருக்கும் மீன், மீசை வைத்த நகரை மீன். நான் நடக்கும் மண்ணுக்குக் கீழேயும், நான் பார்த்தே இராத ஆழத்திலும் ஒரே பெயர் பரவிக் கிடந்தது. அந்தப் பெயர் என்னைத் தொடக்கூடாது என்று அம்மா சொன்னதாலேயே, அது எத்தனை பெரியது என்று எனக்குத் தெரிந்தது.

வைகாசியில் அக்காவுக்கும் எனக்கும் விடுமுறை. வழக்கம்போல அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மாமா வீட்டுக்குப் போனாள். போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எனக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, என் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். வயிற்றில் நீர் கோத்த முத்துகள்.

"தாய் வந்துகீறா" என்றாள் அத்தை.

அம்மை கண்டவளை ஊர் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அக்கா, "இது சின்னம்மைதாம்மா. பெரியம்மை ஒழிஞ்சுபோச்சுன்னு சர்க்காரே சொல்லிடுச்சி" என்று படபடத்தாள். அம்மாவின் காதில் அது விழவில்லை. அதே குப்பம், அதே பெயர், ஏறக்குறைய அதே வயது. தங்கையைக் கிடத்தியிருந்த அதே வடக்குச் சுவரோரத்தில் அத்தை எனக்குப் பாய் விரித்தபோது, அம்மா அந்தப் பாயைத் தெற்குப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

பிறகு அக்காவைப் பார்த்து, "ஓடு, கோயிலாண்ட வேப்பல ஒடிச்சுகினு வா" என்றாள். அக்கா வாசல் தாண்டுவதற்குள், பழக்கதோஷத்தால், "நில்லு. அதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டாள்.

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அவளைத் திருத்த யாரும் இல்லை. ஆனால் வாசற்படியில் ஒரு கையை வைத்தபடி அவள் தயங்கி நின்றாள். அந்தத் தயக்கமே பதிலாகிவிட்டது.

"சொல்லுடி."

"அசாடிரக்டா இண்டிகா."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மை கண்ட பிள்ளைக்கு வேப்பிலை போடாமல் இருப்பது அந்தக் குப்பத்தில் யாரும் நினைத்தும் பார்க்காத காரியம். போட்டால், மூச்சை நிறுத்திய பெயரை அம்மாவே கொண்டுவந்து என் உடம்பு முழுக்கப் பரப்பினாள் என்றாகிவிடும். அத்தை கெஞ்சினாள், அக்கா அழுதாள், மாமா வலையை வைத்துவிட்டு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அம்மா என் தலைமாட்டில் அமர்ந்து வெறும் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். நமைச்சலில் நான் சொறியப் போகும்போதெல்லாம் என் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் குப்பத்தில் செய்தி பரவியிருந்தது. மத்தியானத்துக்குள் செல்லிகள் அத்தனை பேர் வாசலிலும் வேப்பிலை தொங்கியது. நோய் கண்ட வீட்டு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் கூடை செல்லி வந்தாள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரைக்கும் நடந்தே விற்றுவருகிறவள். அம்மாவைவிடச் சற்று மூத்தவள். வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. அவளுக்குப் பின்னால் கறுப்பு செல்லி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள்.

"இன்னாடி கூத்து இது? எங்க வூட்டுல எல்லாம் வேப்பல தொங்குது. நோவு கீற வூட்ல காணோம்! செங்கல்பட்டுல சிமெண்டு வூட்ல குந்திகினா எல்லாம் மறந்துபூடுமா?"

அம்மா சொன்னாள். இறாலைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, புத்தகத்தில் இருக்கும் பெயரைப் பற்றி. சொல்லிக்கொண்டே வந்தவள், "பேரு வழியாத்தானே அவ போனா" என்று தங்கையைச் சொல்லி நிறுத்திவிட்டாள்.

கூடை செல்லி கேலி செய்வாள் என்று நான் நினைத்தேன். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தோ நிக்கிறாளே கறுப்பு செல்லி, போன வருசம் என் பங்கு மீன வாரிகினு, இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணா. ஞாபகம் கீதா?"

"யாருடி வாரிகினது? கரையில கெடந்துச்சி, எடுத்தேன்" என்றாள் கறுப்பு செல்லி.

"சரி, எடுத்த. அதுக்கு நான் ஒன்னியத்தான் வஞ்சேன். பல்லு செல்லிய வஞ்சேனா? அம்மன் கோயில்ல போயி, நீயும் செல்லிதானேன்னு கேட்டேனா? திருடுனதும் செல்லிதான், சாமியா கீறதும் செல்லிதான்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நோவு பேரு தேடிகினு வரும், சரி. அது பாதி. மீதிய மறந்துட்டியே. தண்ணி எப்படி வரும்?"

அந்த மீதி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மை இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில், பெயர் ஒன்றாக உள்ள ஒவ்வொருத்தியும் தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். கெடுதல் எந்த வழியில் வந்ததோ அதே வழியில்தான் உதவியும் வரும். அம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அவள் தங்கைக்கு அந்தத் தண்ணீர் ஊற்றும் நாளே வரவில்லை. வழக்கத்தின் முதல் பாதியை மட்டுமே அவள் கண்ணால் கண்டிருந்தாள்.

"ஒருத்தன் எறா, ஓம்பொண்ணு மூச்சப் புடிச்சான்" என்றாள் கூடை செல்லி. "அவன் பேருல இன்னொருத்தன் கோயிலாண்ட நின்னுகினு கீறான். அவன்தாண்டி வந்து நிக்கணும். அவன உள்ள வுடமாட்டேன்னா எப்படி?"

அம்மா அக்காவிடம், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எறாவுக்கு முன்னெழுத்து இன்னா?"

"பி."

"வேம்புக்கு?"

"ஏ."

"இனிஷியலு வேறதானே?"

"வேறதாம்மா" என்றாள் அக்கா. "ரொம்ப வேற."

அம்மா தானே எழுந்து போனாள். கோயிலருகே நின்ற வேம்பிலிருந்து ஒடித்த கொத்துகளைக் கை கொள்ளாமல் அணைத்துக்கொண்டு வந்தவள், வாசலில் செருகினாள், பாயில் பரப்பினாள். கடைசியாக ஒரே ஓர் இலையை எடுத்து என் புறங்கையில் வைத்து, என் உதட்டையும் கண்ணையும் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இலை குளிர்ச்சியாக இருந்தது. அதை நான் சொன்னபோதுதான் அவள் மூச்சு விட்டாள்.

வேப்பிலை அம்மையைக் குணப்படுத்தும் என்று நான் எழுதவரவில்லை. சின்னம்மை தன் நாட்களை எடுத்துக்கொண்டு தானாகவே இறங்கும் என்று அக்கா அன்றும் சொன்னாள், இன்றும் சொல்கிறாள். என் அம்மா அதற்குப் பிறகு தூங்கினாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். சித்திரையிலிருந்து சரியாகத் தூங்காதவள், என் பாய்க்குப் பக்கத்தில் வெறுந்தரையில், பட்டப்பகலில், வாய் திறந்து தூங்கினாள்.

தண்ணீர் ஊற்றிய காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வெயில் ஏறியதும் என்னை வெளியே கொண்டுவந்து மணலில் மணைபோட்டு உட்காரவைத்தார்கள். பல நாள் இருட்டுக்குப் பிறகு கண் கூசியது. கூச்சம் தெளிந்ததும் முதலில் கண்டது வாசல்களை. கடலைப் பார்த்து வரிசையாக நின்ற ஓலை வீடுகளில், இங்கொன்றும் அங்கொன்றுமாக, காய்ந்த வேப்பிலைக் கொத்துகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. என் பெயருள்ளவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று யாரோ குறித்துவைத்ததுபோல இருந்தது. பள்ளியில் நான் வெறுத்த பெயர் அது.

பிறகு அவர்கள் வந்தார்கள். வெயிலில் வைத்துச் சூடேறிய, மஞ்சளும் வேப்பிலையும் மிதந்த தண்ணீர்ச் சொம்பை ஏந்திக்கொண்டு, ஒவ்வொருத்தியாக. கூடை செல்லி முதலில் ஊற்றினாள். கறுப்பு செல்லி ஊற்றினாள். பல்லு செல்லி ஊற்றும்போது சிரித்ததில் பாதித் தண்ணீர் மணலில் போயிற்று. நடக்க முடியாத ஒரு முதிய செல்லியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கடைசியில், என்னைவிடச் சிறியவளாக, மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு செல்லி; அவள் சொம்பை அவள் அம்மா பிடித்துக்கொண்டாள். ஊற்றும்போது ஒவ்வொருத்தியும் "செல்லி, எந்திரி" என்று சொல்ல வேண்டும். அவரவர் தங்கள் பெயரையே சொல்லி என்னை எழுப்பினார்கள்.

தண்ணீர் வழிந்த கண்ணோடு கடலைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த எண்ணத்தை இத்தனை ஆண்டுகளில் பலவிதமாக எழுதிப்பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில் தோன்றியதற்கு எதுவும் ஈடாகவில்லை. யாராவது ஒருவர் இந்தக் கரையில் நின்று, முன்னெழுத்தை விட்டுவிட்டு, "இண்டிகா" என்று ஒருமுறை உரக்கக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். தண்ணீருக்குள் இறால்கள் மீசையைத் தூக்கும். நெத்திலிக் கூட்டம் ஒரே வீச்சில் திரும்பும். கோயில் வேம்பும், ஊருக்குள்ளே மாவும் புளியும், எள்ளுக்காடும், மண்ணுக்குள் நன்னாரி வேரும், எங்கள் வீட்டுக் கொல்லைக் குப்பைமேனியும் ஒன்றாகத் தலை நிமிரும். என்னைக் கொல்லப் பார்த்ததும் அதில் இருக்கும். என் பாயில் கிடந்ததும் அதில் இருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மா குளிர் என்று நினைத்துத் துண்டைப் போர்த்தினாள்.

அன்று மத்தியானம் அத்தை சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றினாள். அம்மா பெயர் கேட்கவில்லை. வைகாசி முடிவதற்குள் மாம்பழமும் கிடைத்தது. இறாலை மட்டும் நான் இன்றுவரை தொட்டதில்லை; நண்டும் அப்படியே.

இவையெல்லாம் நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டாகிறது. அக்கா தாவரவியல் ஆசிரியையாகி, ஓய்வும் பெற்று, இப்போது சிறுசேரியில் மகனோடு அடுக்குமாடியில் இருக்கிறாள். பெயர்களும் அப்படியே இருக்கவில்லை. இலுப்பைக்கு அக்காவின் புத்தகத்தில் இருந்த இண்டிகா இப்போது இல்லை. அறிஞர்கள் வேறு பெயரை முன்வைத்துவிட்டார்கள். இறால் சில காலம் வேறு முதற்பெயரில் இருந்துவிட்டுப் பழையதற்கே திரும்பியதாகப் படித்தேன். குப்பத்தில் ஓலை வீடு ஒன்றுகூட இல்லை. சுனாமிக்குப் பிறகு எல்லாம் கான்கிரீட். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. அம்மா இல்லை, கூடை செல்லி இல்லை.

சென்ற பங்குனியில் மாமாவின் பேரன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகளுக்கு, ஆறு வயதுப் பெண்ணுக்கு, சின்னம்மை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். என்னையறியாமல் தெருவின் இருபுறமும் பார்த்தேன். வேறு எந்த வாசலிலும் ஒன்றும் இல்லை. குழந்தையின் பெயர் தியாஷிகா. "இந்தப் பேரு ஊர்ல யாருக்குமே கெடையாது அத்த. போன்ல தேடிப் பாத்துதான் வெச்சோம்" என்றாள் அவள் தாய், பெருமையாக. அந்தக் குப்பத்தில் செல்லி என்ற பெயரில் இப்போது குழந்தை யாரும் இல்லை என்பதையும் அவளே சொன்னாள். கூப்பிட்டால் ஒரே ஒரு பிள்ளை மட்டும் திரும்பிப் பார்க்கிற பெயர்கள்.

வீடு திரும்பியதும் அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். "அந்தக் கொழந்தைக்குத் தண்ணி ஊத்த யாரும் இல்லன்னு சொல்ற" என்றாள். வழக்கங்களை நம்பாதவள் ஆயிற்றே என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்று மாலை அவள் மருமகள் எனக்குப் போன் செய்தாள். அத்தை, அதாவது என் அக்கா, கீழே இறங்கிப்போய், காவலாளியின் நாற்காலி மேல் ஏறி நின்று, வளாகத்து வேம்பில் ஒரு கொத்து ஒடித்து, லிஃப்டில் எடுத்துக்கொண்டு வந்து வாசற்கதவில் செருகிவிட்டார்கள் என்றாள். எதிர்வீட்டுக்காரர் பதறிப்போய், "ஆன்ட்டி, உங்க வீட்ல யாருக்கு அம்மை?" என்று கேட்டாராம்.

"இங்க யாருக்கும் இல்ல. அங்க கடலாண்ட ஒரு புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டு, அக்கா ஒரு சொம்பைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.